வெந்நீர் அண்டா

அம்மையார் மேசையில் ஓங்கி அடித்த அடியில் நான்கு கணினித் திரைகளும் கண் சிமிட்டின. காகிதக் கோப்பையில் இருந்த காபி எழுந்து நின்று மரியாதை செய்துவிட்டு மறுபடி உட்கார்ந்தது.

“பதினோரு நிமிஷத்துல கொதிச்சு நிக்குமா? என் டாங்கியா? எவன் சொன்னான்?”

அந்த ராணுவ டாங்கியை வரைந்தவர் அவர்தான். நாற்பத்தோரு வருடத்துக்கு முன்பு. உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள். அதற்கும் ஒரே ஒரு சோதனை ஓட்டம்தான்.

பதினோராவது நிமிடத்தில் என்ஜின் கொதித்து, நடு மைதானத்தில் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றுவிட்டது.

‘குளிரூட்டும் அமைப்பில் வடிவமைப்புப் பிழை’ என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினார்கள். டாங்கி பழைய இரும்புக்குப் போனது. அவரை அடுத்த இருபது வருடம் கிடங்குக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வரைய விட்டார்கள்.

எத்தனை விதத் தாழ்ப்பாள் உண்டோ அத்தனையும் வரைந்தார். ராத்திரி வீட்டுக்கு வந்து பழைய கணக்கைத் திரும்பப் போட்டார். ஆயிரம் தடவை போட்டிருப்பார். ஆயிரம் தடவையும் கணக்கு சரியாகத்தான் வந்தது.

இப்போது இந்தக் கம்ப்யூட்டர் கேம் கம்பெனி, பரணில் கிடந்த சோதனை டாங்கிகளை எல்லாம் தூசி தட்டித் திரையில் சண்டைக்கு விடுகிறது. அவருடையதும் நாளை வெளிவருகிறது, அதே பதினோரு நிமிடக் கொதிப்போடு. முன்கூட்டியே ஆடிப் பார்த்தவர்கள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: ‘வெந்நீர் அண்டா’.

பக்கத்து வீட்டுப் பெண் அதைக் கைப்பேசியில் காட்டிச் சிரித்தது நேற்று சாயங்காலம். காலையில் அம்மையார் மூன்று கிலோ கணக்கு நோட்டுகளையும் ஒரு கணவரையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

கணவர் வந்தது சாட்சி சொல்ல. அன்று அந்த டாங்கியை ஓட்டியவர் அவர்தான். நல்ல ஓட்டுநர், ஆனால் பாவம், சாமர்த்தியம் போதாது. சோதனை நடந்த அன்றே சாப்பாட்டுப் பெட்டியையும் மைதானத்து நாய்க்குப் பறிகொடுத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு வீடு வந்து சேர்ந்த ஆள்.

சாட்சி இப்போது நாற்காலியின் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தார். “திரும்பற பஸ்ஸை விட்டுடுவோம்மா, போயிடலாம் வா” என்று இதோடு ஏழாவது தடவை.

“நீங்க சும்மா இருங்க. உங்களுக்கும் சேர்த்துதான் கத்துறேன்.”

டாங்கிகளுக்குத் திரையில் உருவம் கொடுக்கும் தாடிக்காரர் பொறுமைசாலி. டாங்கியைச் சுழற்றிப் பின்பக்கத்தைக் காட்டினார்.

அம்மையாரின் கோபம் அடுத்த கியருக்கு மாறியது.

என்ஜினின் சூட்டுக் காற்று வெளியேறும் கம்பித் தட்டியில் பாதிக்கு மேல் ஒரு தகடு மூடியிருந்தது. தகட்டின் நடுவில் பெட்டி மாதிரி சின்னதாக ஒரு புடைப்பு வேறு.

“மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொன்னா யாருக்குத்தான் மூச்சு முட்டாது? இந்தத் தகடு என் வரைபடத்துலயே கிடையாது தம்பி! யாரு வீட்டுக் கற்பனை இது?”

தாடிக்காரருக்கும் ரோஷம் வந்தது. “கற்பனையா? ஒரு திருகாணிகூட நானா சேர்க்கலை மேடம். போட்டோவுல என்ன இருக்கோ அதைத்தான் செஞ்சேன்.”

சோதனை தொடங்குமுன் எடுத்த புகைப்படம். எந்தப் பழைய கோப்பிலிருந்தோ தோண்டி எடுத்திருந்தார். அம்மையார் அதைப் பார்த்ததே இல்லை. அன்று வரைந்தவர்களை மைதானத்துக்குள்ளேயே விடவில்லை.

தாடிக்காரர் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

தகட்டில் சுருக்கங்கள் தெரிந்தன.

இரும்பு சுருங்காது. அது தார்ப்பாய். நாலு மூலையிலும் அக்கறையாகச் செருகி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. நடுவில் பெட்டியின் கைப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“அந்தக் கைப்பிடியைப் பாருங்க மேடம், கம்பி சுத்தியிருக்கு. எத்தனை சுத்துன்னு எண்ணி அதையும் அப்படியே செஞ்சிருக்கேன்” என்றார் தாடிக்காரர் பெருமையாக.

அம்மையார் விரலைத் திரையில் வைத்து எண்ணினார். எட்டு.

உடைந்துபோன அந்தக் கைப்பிடிக்குத் தன் கையாலேயே குறடு பிடித்துச் செப்புக் கம்பி சுற்றியவருக்கு எண்ணித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. இருந்தாலும் இன்னொரு தடவை எண்ணினார். கணக்குக்காரர் அல்லவா.

பிறகு திரும்பினார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் குரல் தாழ்ந்தது.

“சாப்பாட்டுப் பெட்டியை நாய் தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னீங்க.”

கணவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாடிக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “அந்தத் தகட்டை எடுத்துடட்டுமா மேடம்?” என்று கேட்டார்.

“ஆறிடக் கூடாதேன்னுதான் போர்த்தி வச்சேன்” என்றார் கணவர், செருப்பிடம். “நீ கட்டிக் குடுத்த சாப்பாடாச்சே.”