கிளியின் லெஃப்ட்

மின்விசிறிக் காற்றில் மெல்லச் சுழலும் கூண்டுக்குள் ஒரு கிளி இருந்தது. வீட்டுக்காரரைப் போலவே இங்கிலீஷில் ஆணையிட்டு, தரை பெருக்கும் இயந்திரத்தை ஓட்டுவதில் அதற்கு மகா பெருமை.

ஒருநாள் அதன் கடைசி வேர்க்கடலை தரையில் விழுந்தது. இயந்திரம் அதை நோக்கி உருண்டு வந்தது.

"டர்ன் லெஃப்ட்!" என்று கத்தியது கிளி.

இயந்திரம் இடப்பக்கம் ஒதுங்கியது, கடலை தப்பியது. அதற்குள் கூண்டு சுழன்றுவிட்டதால், இயந்திரம் வலப்பக்கம் போவதாகக் கிளிக்குத் தோன்றியது.

"மக்கு! அது ரைட்டுடா! டர்ன் பேக்!"

சொல் தட்டாத இயந்திரம் திரும்பி வந்து கடலையை விழுங்கியது.

"இங்கிலீஷ் தெரியாத ஜென்மம்!" என்று வைதது கிளி.

"அது சொன்னபடிதான் போச்சு, அண்ணே. நீங்கதான் சுத்துறீங்க," என்றது ஜன்னலில் இருந்த அணில்.

"நானா?" என்றது கிளி, கூண்டோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டே. "வீடுதாண்டா ஓரிடத்துல நிக்காம சுத்துது!"