பழுப்பேறிய வில்லை

அணு உலையில் மின்சாரம் கம்பிக்குக் கம்பி தாவாமல் தடுத்துநின்ற, வெளிச்சம் கசியும் பால்வெள்ளைப் பீங்கான் வில்லை, கதிர்வீச்சில் பழுப்பேறிச் சோதனை மேசைக்கு வந்தது. விளக்கு அதன்மேல் ஒளி பாய்ச்சியது.

"முன்பு வந்ததில் பாதி வெளிச்சம்கூட மறுபக்கம் வரவில்லையே! கெட்டுவிட்டாய். இனிக் குப்பைதான்" என்றது விளக்கு.

"வெளிச்சத்துக்கு வழிவிடவா என்னை வைத்தார்கள்? மின்சாரத்தைக் கூப்பிடு."

மின்சாரம் வந்து முட்டியது. முழு பலத்தோடு மறுபடியும் முட்டியது.

"உலையிலும் இவனோடு இதே தொல்லைதான், விளக்கண்ணே. இன்னும் விடமாட்டேன் என்கிறான்" என்று மூச்சிரைத்தது.

"கேட்டாயா? முன்பு ஒருவனைத் தடுத்தேன். இப்போது உன்னோடு சேர்த்து இரண்டு பேர்" என்றது வில்லை.

விளக்கு அணைந்துகொண்டது. வில்லை உலைக்கே திரும்பியது, அதே பழுப்போடு.