பெயரின் முதல் பாதி

திரும்பிப் பார்த்தாள். அவர் இல்லை.

பின்னால் பைன் மரங்கள்தான் நின்றன. அவையும் நெற்றியில் கட்டிய விளக்கு எட்டுகிற வரைக்கும்தான்.

ஆறாவது கொடியில் இருவரும் சேர்ந்துதான் அட்டையில் துளை போட்டார்கள். ஏழாவது கொடி வடகிழக்கே முந்நூறு மீட்டர் என்று வரைபடத்தைப் பார்த்து அவர்தான் சொன்னார். அவள் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டே விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் சருகு மிதிபடும் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

வரைபடம் அவரிடம். விசிலும் அவரிடம். திசைகாட்டி இவளிடம்.

வடக்கு எங்கே என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். புருஷன் எங்கே என்றுதான் தெரியாது.

அவர் வேலை பார்ப்பது கோவையில் பம்பு செய்கிற கம்பெனி. வருடா வருடம் குடும்ப விழாவென்றால் மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன், பிரியாணி என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்த ஹெச்.ஆர். அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. நாற்பது ஜோடிகளைக் கொடைக்கானலுக்கு ஏற்றிவந்து, ஆளுக்கொரு விளக்கைத் தலையில் கட்டி, இருட்டில் கொடிகளைத் தேடி அட்டையில் துளை போட்டு வாருங்கள் என்று காட்டுக்குள் விட்டுவிட்டார்.

மேற்கே பள்ளம், கயிறு கட்டியிருக்கிறோம், தாண்டாதீர்கள் என்று மூன்று முறை சொல்லித்தான் விட்டார்.

அவள் புருஷனுக்கோ பொழுது சாய்ந்தால் கண் சரியாகத் தெரியாது. வீட்டு மாடிப்படியையே காலால் தடவித்தான் இறங்குவார்.

விளக்கை மேற்கே திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள்.

கைகளைக் குவித்து, இழுத்துக் கூப்பிட்டாள்.

"ஏனுங்கோவ்..."

"ம்?" என்றது இடப்பக்கம் ஒரு குரல்.

"இதா வந்துட்டேன்," என்றது வலப்பக்கம்.

"அதான் வர்றேன்ல, அதுக்குள்ள என்ன?" என்று சலித்துக்கொண்டது மேட்டிலிருந்து ஒன்று.

மூன்றும் அவர் இல்லை. அந்தக் காட்டில் நாற்பது புருஷன்மார் இருந்தார்கள். நாற்பது பேருக்கும் வீட்டில் அதுதான் பெயர்.

"காவ்யா அப்பா," என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

"எந்தக் காவ்யாங்க?" என்றது மேட்டுக் குரல். "எம்பட புள்ளையும் காவ்யாதான்."

இனி பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதான்.

இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் பேனா வாங்கி எழுதிக் காட்டுவாள். சொல்லக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. அவரே கேட்டிருக்கிறார். கல்யாணமான புதிதில், ஊட்டி லாட்ஜில், ஒரே ஒரு தடவை சொல்லேன் என்று கெஞ்சினார். அவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் கேட்டார்.

ஏழெட்டு வருடமாகக் கேட்பதில்லை. அது அவளுக்கு உள்ளூர உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

"குழந்தை..."

பாதிப் பெயர்தான் வந்தது. மீதி தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது.

இன்னும் உரக்க முயன்றாள். "குழந்தை..."

மேட்டில் விசில் ஊதியது. விட்டு விட்டு ஆறு முறை. ஆபத்தென்றால் ஆறு.

"கொழந்தையக் காணமாமா," என்றது ஒரு குரல். அதை அடுத்த குரல் வாங்கி அதற்கடுத்ததற்குக் கொடுத்தது. இரண்டு நிமிடத்தில் காடு முழுக்கத் தெரிந்துவிட்டது.

நாலா பக்கமிருந்தும் விளக்குகள் ஓடிவந்தன. கடைசிக் கொடிக்குப் பக்கத்தில் போயிருந்த ஜோடிகூட அட்டையைப் போட்டுவிட்டு வந்தது. ஹெச்.ஆர். அதிகாரி ஒற்றை ஷூவோடு வந்து சேர்ந்தார். பாவம், அவருக்கு நாக்கு உலர்ந்திருந்தது.

"குழந்தைக்கு என்ன வயசும்மா?"

"அம்பத்தி மூணுங்க."

என்ன கலர் சட்டை என்று கேட்க வாயெடுத்தவர் அப்படியே நின்றார்.

போவதற்கு இனி மானம் ஏதும் மிச்சமில்லை. பள்ளம்தான் கண்முன்னே நின்றது. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள். கண்ணை இறுக்க மூடினாள். மலையே கேட்கும்படி கத்தினாள்.

"குழந்தைவேலு!"

"வேலு," என்றது எதிர்மலை.

பதினைந்தடி தள்ளி, ஒரு பைன் மரத்துக்குப் பின்னால், விளக்கு ஒன்று எரிந்தது.

அவர் வெளியே வந்தார். ஒரு கீறல்கூட இல்லை. கையில் வரைபடம் நாலாக மடித்து ஒழுங்காக இருந்தது.

"லைட்டு போயிருச்சு. கண்ணுந் தெரியல. அசையாம நின்னுட்டேன்," என்றார். "ஏனுங்கன்னு ஆரோ ஆரையோ கூப்புட்டாங்க. நம்மளையில்லைன்னு இருந்துட்டேன்."

சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. போய்விட்டதென்று அவர் சொன்ன விளக்கு அவர் நெற்றியில் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. ஹெச்.ஆர். அதிகாரி மற்ற ஷூவைத் தேடிப் போனார்.

ஏழாவது கொடிக்கு அவள்தான் முன்னால் நடந்தாள். சருகுச் சத்தம் பின்னாலேயே வந்தது. இந்த முறை காதைக் கொடுத்துக்கொண்டே நடந்தாள்.

நாற்பதடி போயிருப்பாள். சத்தம் நின்றது.

பின்னாலிருந்து வந்த வெளிச்சமும் அணைந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தாள்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.