பின்பக்கம் நீந்தும் திமிங்கிலம்

“ஏம்ப்பா ஒகினோ, உனக்குக் கண்ணு முகத்துல இருக்கா, முதுகுல இருக்கா?” என்று தலையில் அடித்துக்கொண்டார் கமேதா.

ககோஷிமா சமூகக் கூடத்தில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் கும்பல் அது. பழைய விமானங்களுக்கு அந்தக் காலத்து வண்ணத்தையே கம்ப்யூட்டரில் பூசி, திரையில் பறக்கவிட்டுப் பார்ப்பதில் அவர்களுக்கு அப்படியொரு பித்து.

இன்று திரையில், என்றைக்கோ மூடிப்போன நாமிகாஜி ஏர்லைன்ஸின் விமானம். ஆரஞ்சு வயிறு, நீல முதுகு, வாலில் வெள்ளைத் திமிங்கிலம். வண்ணம் பூசியவர் டப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒகினோ.

“விமானம் போற பக்கம்தானே திமிங்கிலமும் நீந்தணும்? வலது பக்கம் பாரு, பின்னாடி ஓடுது! இடது பக்கப் படத்தைத் திருப்பாமலே ஒட்டிட்டே. கத்துக்குட்டிகூட இப்படிப் பண்ண மாட்டான்.”

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

“போன மாசம் இதே விமானத்துக்குக் கதவுல கோடு போட மறந்தே. அதுக்கு முந்தி ஜன்னல். மிச்சியோ சான்கிட்ட வாங்கிக் கட்டிக்கறதே உனக்குப் பொழப்பாப் போச்சு!”

ஒகினோ பிடரியைச் சொறிந்தார். “அவங்க வந்து பாக்கட்டுமே.”

மிச்சியோ அந்த விமானத்தில் பணிப்பெண்ணாகப் பறந்தவர். ஒரு தப்பும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கணவர் தெட்சுவோவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்தார்.

“திருப்புங்க. இன்னும் கொஞ்சம். அந்தப் பக்கம்.”

கமேதா வேடிக்கை பார்க்கத் தயாரானார்.

“பிரமாதம் ஒகினோ சான்! ஒரு குறையும் இல்ல. இப்படியே வெளியிட்டுடுங்க” என்றார் மிச்சியோ.

ஒகினோவின் முகம் வெளிறிவிட்டது.

“ஐயையோ, அந்தத் திமிங்...” என்று ஆரம்பித்த கமேதாவை, கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார் தெட்சுவோ.

“தயவுபண்ணி வாய மூடுங்க. போன வருஷத்துலேர்ந்து அவளுக்கு ஞாபகம் தப்பிக்கிட்டே இருக்கு. காலைல சாப்பிட்டது மதியம் தெரியல. ஆனா இந்த விமானத்துல ஒரு தப்பைக் கண்டுபிடிச்சா, அன்னைக்குப் பூரா பழைய மிச்சியோவா நடமாடுவா. அதுக்குன்னே ஒகினோ ஒவ்வொரு தடவையும் வேணும்னு ஒரு தப்பு வெச்சுக் கொண்டாருவார். இன்னைக்கு இவ்ளோ பெரிய தப்பு... அதுவும் தெரியல அவளுக்கு.”

கமேதாவுக்குக் கூனிக்குறுகிப் போயிற்று. சே, இந்த மனுஷனையா இத்தனை நாள் கிண்டல் பண்ணினோம்!

கதவு திறந்தது. மிச்சியோ.

“இங்க என்ன ரெண்டு பேரும் ரகசியம்? உள்ள டீ ஆறுது.” பிறகு கமேதாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “திமிங்கிலம் பின்னாடி நீந்துதுன்னு சொல்ல வந்தீங்க, அதானே? எனக்கென்ன, தெரியாதா?”

தெட்சுவோ மனைவியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். “தெரியுமா? பாத்தியா நீ? அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்க எல்லாரும் அவரைப் பாத்துச் சிரிக்கிற சிரிப்பு வாசல் வரைக்கும் கேட்டுதே! நான் தப்புச் சொல்லச் சொல்லத்தானே அந்த மனுஷனுக்கு இந்தப் பேரு? பாவம், இன்னைக்கு ஒரு நாளாவது பாராட்டு வாங்கட்டுமேன்னு விட்டுட்டேன்.”