வாசல் காவல்

"நாப்பத்து மூணு பேர், டாக்டர். ரெண்டு பஸ் நிறைய வந்தாங்க. ஒருத்தர் நிழல்கூட என் பேரன் மேல விழல" என்றார் அன்செல்மோ, வெந்நீர் ஃபிளாஸ்க்கை அக்குளில் இடுக்கியபடி.

ஆஸ்பத்திரி வார்டின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பிறந்து முப்பத்து நான்கு நாளான பேரன் இருமிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இருமலுக்கும் உதடு நீலம் பாரித்தது. கக்குவான் இருமல் என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. பெரியவர்கள் யாரிடமிருந்தோ தொற்றியிருக்கிறது. யாரிடமிருந்து என்பதுதான் கேள்வி.

அப்பா பிடித்த மீன் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு முழம் நீளுவதைக் கேட்டே வளர்ந்தவள் மகள் ஜனினா, குழந்தையின் அம்மா.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாளாவது உள்ளதைச் சொல்லுங்க. யாரை உள்ளே விட்டீங்க?"

"ஒரு ஈயைக்கூட விடல."

ஈஸ்டர் விடுமுறைக்கு தலைநகர் மொந்தெவிதேயோவிலிருந்து சொந்தம் மொத்தமும் குழந்தையைப் பார்க்கத் திரண்டு வந்த கதையை அவர் ஆரம்பித்தார். தோட்டத்துக் கேட்டில் ஸ்டூலைப் போட்டு ஒற்றை ஆளாக மறித்தாராம். எழுபத்தெட்டு வயது பெத்ரோனா அத்தை கொய்யா மரத்தில் ஏறி எட்டிப் பார்த்தாளாம். மச்சான் ஒருவன் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு கேஸ்காரனாகவே வந்து நின்றானாம். யார் மனமும் கோணாமல் மூன்று நாளும் வாசலிலேயே உட்கார வைத்து, உபசரித்து, வழியனுப்பினாராம்.

"வந்தவங்கள்ல யாருக்காவது இருமல் இருந்துச்சா?" என்றார் டாக்டரம்மா.

"நெஸ்தோருக்கு லேசா. அதான் அவனை மட்டும் ரெண்டடி தள்ளி உக்கார வெச்சேன்."

"நீங்க தடுப்பூசி போட்டுக்கிட்டீங்களா?"

"தெருவைத் தாண்டாதவனுக்கு எதுக்கும்மா ஊசி? முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவேன். பெத்தவளையும் என்னையும் தவிர யாரையும் தொட விட்டதில்லை." சொல்லிவிட்டுச் செருமிக்கொண்டார். பத்து நாளாக இந்தத் தொண்டைக் கமறல்.

பேசிப் பேசி நா வறண்டது. பையிலிருந்து மாத்தே இலை நிரப்பிய சுரைக்குடுக்கையை எடுத்தார். வெந்நீர் ஊற்றி, வெள்ளிக் குழலில் உறிஞ்சிக் குடித்தார். மறுபடி நிரப்பி, பழக்க தோஷத்தில் மகளிடம் நீட்டினார். அவர்கள் ஊரில் அடுத்தவருக்கு நீட்டாமல் யார் குடிக்கிறார்கள்? குழலைத் துடைத்தால்கூட அவமரியாதை.

வாங்கப் போன ஜனினாவின் கை பாதியில் நின்றது. குழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

"அப்பா சொன்னது அத்தனையும் நிஜம், டாக்டர். ஜன்னல் வழியா நானே பாத்தேன். நாப்பத்து மூணு பேரும் வாசல்லயே இந்த ஒரு குழல்லதான் குடிச்சாங்க. உள்ளே வந்தது அப்பா மட்டும்தான்."