முப்பதாவது நாள்

"ஒரே ஒரு நாளுதானய்யா! கூடப் போட்டா உங்க பேனா தேஞ்சா போயிடும்?"

அர்ச்சுனன் கத்தியே விட்டார். தோட்டத்துக் கிளினிக்கில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர் லூயிஸ் அசைந்து கொடுக்கவில்லை.

"மங்களம் இருபத்தொம்பது நாளு வந்துச்சு. அதத்தான் எழுதுவேன்."

மருத்துவம் படிக்க மார்க்கு மட்டும் போதாதாம். அந்த வருஷம் புதுசாக முளைத்த வில்லங்கம் அது. ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் முப்பது நாள் தொண்டு செய்திருக்க வேண்டும். மேற்பார்த்தவர் கடிதம் எழுதி, கவரை ஒட்டித் தர வேண்டும். அப்புறம் நேர்முகத் தேர்வு. சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டும் அர்ச்சுனனின் மகளுக்கு நடந்து போகிற தூரத்தில் வேறு ஆஸ்பத்திரி ஏது? லூயிஸின் கிளினிக்குக்குத்தான் மங்களம் தினமும் போய் வந்தாள்.

முப்பதாவது நாள் மட்டும் போகவில்லை. அன்று காலையில் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்த கையோடு, பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளுக்கு வலி கண்டு, ரத்தம் போக ஆரம்பித்தது. டிரெஸர் வீட்டுக் கதவைத் தட்டோ தட்டென்று தட்டினார்கள். திறக்கவில்லை. மனுஷர் ஈப்போவுக்கு மீட்டிங் போயிருந்தாராம்! மங்களம்தான் பால் ஏற்றும் லோரியை மறித்தாள். கருப்பம்மாளை மடியில் சாய்த்துக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாளே மனுவுக்குக் கடைசித் தேதி.

"உசுரக் காப்பாத்தப் போன புள்ளைக்கு ஆப்சென்டா? வேல வாங்குற நம்ம தண்டலு எத்தன பேருக்கு, வராத நாளுக்கும் செக்ரோலு கணக்குல பேரு போட்டுக் குடுக்குறாரு!"

"பொய் எழுதி எழுதிப் போதும் லா, அர்ச்சுனா." லூயிஸ் முகத்தைப் பார்க்காமலே கவரை ஒட்டினார்.

"இவரு ரிட்டயராவ இன்னும் மூணு மாசம். இப்பத்தான் இவருக்கு நேர்மை பொத்துக்கிட்டு வருது!"

லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும்படி திட்டிக்கொண்டே வந்தார் அர்ச்சுனன்.

"அவரத் திட்டாதீங்கப்பா" என்றாள் மங்களம்.

"நீ சும்மா இரு!"

நேர்முகத் தேர்வு ஈப்போவில். வெளியே பெஞ்சில் அர்ச்சுனனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வந்திருந்த டவுன் பிள்ளைகள் எல்லாருக்கும் முப்பது நாள் சுளையாக இருந்தது. தன் மகளுக்கு மட்டும் ஒன்று குறைச்சல்.

கதவு திறந்தது. மங்களம் அழுதுகொண்டே வந்தாள்.

"தள்ளிட்டாங்களா? நெனச்சேன்! அந்த ஆளு நல்லா இருப்பானா?"

"அப்பிடிச் சொல்லாதீங்கப்பா. மூணு டாக்டருங்களும் எந்திரிச்சு நின்னு கை குடுத்தாங்க. எடம் கெடச்ச மாதிரிதான்னு சொன்னாங்க."

"அப்பறம் என்னாத்துக்கு அழுவுற?"

"டிரெஸரு கடிதத்த வாசிச்சுக் காட்டுனாங்க. தோட்டத்துத் தொரைக்கும் அதுல ஒரு நகல் அனுப்பியிருக்காராம். அவரு வேல போயிடும்பா."

அர்ச்சுனனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அன்னிக்கு அவரு ஈப்போவுக்குப் போவலப்பா. வீட்டுலதான் கெடந்தாரு. நான் ஜன்னல் வழியாப் பாத்தேன்."

"அடிப்பாவி! ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"மூணு மாசந்தானே இருக்கு... பாவமா இருந்துச்சு."

அர்ச்சுனன் மகளையே பார்த்தார். அவள் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"அப்பிடி என்னதாம்மா எழுதியிருந்தாரு?"

மங்களம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்டதை அப்படியே சொன்னாள்.

"'முப்பதாவது நாள் நான் குடித்துவிட்டு விழுந்து கிடந்தேன். என் வேலையை இந்தப் பெண் செய்யப் போனாள். ஆப்சென்ட் போடுவதென்றால் எனக்குப் போடுங்கள்.'"