ஓசோனின் வெப்பக் கணக்கு

பலூனில் தொங்கியபடி ஒரு வெப்பமானி வானத்தின் உச்சிக்கு ஏறி வந்தது. அங்கே இருந்த ஓசோனைப் பார்த்து, "தரையிலிருந்து வரும் வெப்பத்தில் நீ எவ்வளவு பிடித்து வைக்கிறாய் என்று கணக்கெடுக்க வந்திருக்கிறேன்" என்றது.

ஓசோனுக்குப் பகீரென்றது. வெயிலின் கொடிய கதிரைத் தடுப்பதாக உலகமே தன்னைப் புகழ்கிறது. பூமியைச் சூடாக்கும் வாயுக்களைப் போலத் தானும் வெப்பத்தைப் பிடித்து வைப்பது தெரிந்தால் மானம் போய்விடுமே! கீழிருந்து வந்த வெப்பத்தைத் தொடாமல் ஒதுங்கி நின்றது.

வெப்பமானி மூன்று முறை அளந்தது. மூன்று முறையும் ஒன்றும் காட்டவில்லை.

"நான் பழுதாகிவிட்டேன். இனி என்னைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்" என்று அது விம்மியது.

ஓசோனுக்கு மனசு கேட்கவில்லை. "பழுது உங்களிடம் இல்லை, அண்ணே. நான்தான் ஒளிந்துகொண்டேன். இப்போது அளந்து பாருங்கள்" என்று சொல்லிக் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

வெப்பமானி நிதானமாக அளந்தது. "பிடிக்கத்தான் செய்கிறாய். அதில் ஒரு பங்கை மேலும் கீழும் திருப்பி அனுப்பிவிடுகிறாய். மிச்சம் இந்தக் குளிர்ந்த இடத்துக்குக் கொஞ்சம் சூடு தருகிறது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஓசோன் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டது. வெப்பமானியின் முள் லேசாக ஏறியது. அது சிரித்துக்கொண்டே அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது.